சேஸி சாரின் ஈர்க்குச்சி

சுடுகாட்டிலிருந்து பம்மல் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் சேஸி சாரின் டிபன் டப்பா. அதற்குள் சோறு இல்லை, ஒரு ரயில் இன்ஜின் இருந்தது.

தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரைக்கும் சேஸி சார் கவிழ்த்துப் பார்க்காத பொம்மை ரயில் ஒன்றுகூட இருக்காது. குழந்தை அழுதாலும் சரி, அம்மா முறைத்தாலும் சரி, மனிதர் முதலில் ரயிலைக் கவிழ்ப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஈர்க்குச்சி வைத்திருப்பார். அதில் இரண்டு வெட்டு. அதைச் சக்கரங்களுக்கு நடுவே வைத்துப் பார்த்து, "ம்ஹும்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

மேற்கு தாம்பரத்து லாட்ஜில் நானும் அவரும் ஒரே அறை. நான் ஏழாவதோடு நின்றவன். அப்போது சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் பேங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். டப்பாவில் இருந்தது டீசல் இன்ஜினின் மேல்கூடு மட்டும். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி, ஜன்னல் கம்பி வரைக்கும் வைத்து, ஒரு சாண் நீளத்தில் செய்தது. அடியில் சக்கரமும் மோட்டாரும் சேர்ந்த சேஸி கிடையாது. அதற்குப் பொருந்தும் சக்கர இடைவெளிதான் ஈர்க்குச்சியில் இருந்த இரண்டு வெட்டு.

"யார் சார் பண்ணது?" என்று முதல் நாளே கேட்டேன்.

"என் பையன். மேல முடிச்சுட்டான். சேஸி அப்புறம் பாத்துக்கலாம்ப்பான்னான். அதுக்குள்ள காய்ச்சல் வந்துடுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மின்விசிறி சத்தம் போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தைகள் ரயில் விட்டு விளையாடுவதைக் கேட் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாட்ச்மேன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"இன்னா பெர்சு, புள்ள புடிக்க வந்தியா?"

"இல்லப்பா. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாக்க வந்தேன்."

"தோடா! இது இன்னா புதுசா கீது?"

நான் போய்க் கூட்டி வரவேண்டியதாயிற்று. வரும் வழியெல்லாம், "நூலிழைதான்டா வித்தியாசம்" என்று புலம்பிக்கொண்டே வந்தார். சட்டைக் காலர் கிழிந்திருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

இன்னொரு தடவை நடைபாதைக் கடையில் ஒரு சேஸி வாங்கி வந்தார். ஸ்விட்சைப் போட்டால் பிறந்தநாள் பாட்டுப் பாடும். பாடிக்கொண்டே பின்பக்கமாக ஓடும். நிறுத்தத் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் புகுந்து காலை முழுக்கப் பாடியது. கீழே மெஸ் நடத்தும் அக்கா, யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து ஒரு தட்டு கேசரியோடு மேலே வந்துவிட்டார்.

"யாருக்குண்ணா பொறந்த நாளு?"

சார் தலையைச் சொறிந்தார். பிறகு மேல்கூட்டை எடுத்துத் தட்டுக்கு முன்னால் வைத்து, "இவனுக்குத்தாம்மா" என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அக்கா போன பிறகு, "சார், நெஜமாவே பையனுக்குப் பொறந்த நாளா?" என்றேன்.

"இல்லப்பா. ஆனா கேசரி நல்லாருந்துச்சு."

கடைசியில் சிறுசேரியில் கிடைத்தது. நானும் கூடப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரத் தம்பி ஒருவர் வீடு முழுக்கத் தண்டவாளம் போட்டு வைத்திருந்தார். அவர் கொடுத்த சேஸியில் ஈர்க்குச்சியின் இரண்டு வெட்டும் அப்படியே உட்கார்ந்தன. சார் டப்பாவைத் திறந்தார். மேல்கூட்டை எடுத்து மெல்லக் கவிழ்த்து வைத்தார். முழுசாக இறங்கவில்லை. உயரமான மோட்டார் உள்ளே எதிலோ இடித்தது.

தம்பி டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள பசை கட்டியா காஞ்சிருக்கு அங்கிள். கொஞ்சம் தேய்ச்சா போதும், உக்காந்துடும்." அரத்தையும் எடுத்து நீட்டினார்.

சார் அரத்தை வாங்கினார். கூட்டின் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தார். கூட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். காய்ந்த பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை, வரி வரியாகத் தெளிவாக இருந்தது. ஒட்டும்போது அழுத்திப் பிடித்தவன் விரல்.

"தேய்ச்சா ஓடும். இவன் வெரல் போயிடும்" என்றார். "வேற பாக்கலாம் வாப்பா."

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வரைக்கும் வந்தார். இறங்கும்போது, "மோட்டார் குள்ளமா இருக்குற சேஸி எங்கயாச்சும் இருக்கும்ல?" என்று கேட்டார்.

"இருக்கும் சார்."

அந்த வாரமே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சொந்தம் என்று வந்தவர் தூரத்து உறவில் ஒரு மச்சான் மட்டும். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இத வெச்சு நான் இன்னா பண்றது? நீயே எடுத்துக்கோ" என்றார். ஈர்க்குச்சியும் அதற்குள்ளேதான் இருந்தது.

அந்த அறைக்குத் திரும்பிப் போகப் பிடிக்கவில்லை. இரண்டு கட்டிலில் ஒன்று காலி. அதனால்தான் பம்மல் பக்கம் நடந்தேன். ஒரு பழைய பிளாஸ்டிக் கடை வாசலில் உடைந்த பொம்மைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அங்கேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் முதலாளி வந்து எழுப்பினார். "யார்ரா நீ? இன்னா வோணும்?"

"வேலை வேணும்ணா. பொம்மையெல்லாம் நான் பிரிச்சுத் தர்றேன். ரயில் வந்தா மட்டும் நான் பாத்துட்டுத்தான் உடைப்பேன்."

"காலங்காத்தால பேஜார் பண்ணாத. சுத்தியல் உள்ள கீது, போ."

உள்ளே போனேன். முதல் மூட்டையிலேயே ஒரு ரயில் இருந்தது. கவிழ்த்து, ஈர்க்குச்சியை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. "ம்ஹும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தேன்.