கிணற்றுச் சேற்றின் வம்சம்

வேலணை.

மதிப்புக்குரிய ஐயாத்துரை அத்தானுக்கு,

கனடாவில் நீங்களும் பரிமளம் அக்காவும் சுகமாயிருக்க நயினை அம்மாளை வேண்டுகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம்.

கம்பஸில் நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள் தர்சினி, ஆராய்ச்சிக்குக் கிணற்றுச் சேறு வேண்டும் என்றாள். எங்கள் கிணற்றில் வேறு ஆட்கள் வாளி போட என்னைப் பெற்ற அப்பு விட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சுத்தத்தைக் கம்பஸும் அறியட்டும் என்று பெருமையோடு சம்மதித்தேன். சேறு அள்ள இறங்கியவன் அவளோடு படிக்கும் ஜெகதீஸ், யாரோ கெட்டிக்காரப் பிள்ளை என்று கயிற்றைப் பிடித்தது நான்தான், அவன் அல்லைப்பிட்டியில் கடற்றொழில் செய்யும் அருளப்புவின் மகன் என்பது ஏறி வந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் தெரிந்தது. அதையும் பொறுத்தேன். ஒரு மாதம் போய், எங்கள் சேற்றில் மிகப் பழைய வம்சத்துக் கிருமி ஒன்று இருக்கிறது, உயிர்களின் மரத்தில் அடிமரத்துக்குக் கிட்டப் பிரிந்த கிளை அது என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் கிணற்றில் கிருமிகூட நல்ல குடும்பம் என்று கோயிலடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை பார்த்தால் அதே கிருமி அருளப்புவின் கிணற்றிலும் இருக்கிறதாம், எங்களுடையதை விடக் கூடுதலாக. எங்களிடமிருந்துதான் போயிருக்கும் என்று வாதாடினேன்.

"அப்பா, இதுகள் பரம்பரை பாக்காதுகள். பக்கத்தில இருக்கிறதுகளோட மரபணுவைக் குடுத்து வாங்கித்தான் இவ்வளவு காலம் தப்பினதுகள்" என்றாள். அதே மூச்சில், "நானும் ஜெகதீஸும் வெள்ளிக்கிழமை கலியாண எழுத்து வைக்கப் போறம்" என்றாள்.

மனுசரும் மாடும் பனையும் அந்தக் கிருமியும் ஒரே அடியிலிருந்து வந்தவையாம். வரட்டும் அத்தான். அதற்காக அல்லைப்பிட்டியில் சம்பந்தி வேண்டுமா? தாயில்லாப் பிள்ளை என்று செல்லம் கொடுத்து வளர்த்தவன் நான். அந்தப் பதிவு எழுத்துக்கு நான் போகமாட்டேன், அந்த வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டேன். உங்கள் பேரனின் கலியாணத்துக்கு அச்சடிக்கும் குடும்ப மரத்தில் அவள் பெயரை வெட்டிவிடுங்கள்.

அக்காவுக்கு அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
மைத்துனன் நாகமுத்து

பி.கு.: கண் ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்கு எழுதவும் வாசிக்கவும் ஏலாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதியது தர்சினிதான். பெயரை வெட்டச் சொன்ன இடத்தில் மட்டும், "திரும்பச் சொல்லுங்கோ அப்பா" என்றாள். எனக்குத் திரும்பச் சொல்ல வாய் வரவில்லை. அவளே எழுதிவிட்டாள். வெள்ளிக்குப் பிறகு கடிதங்களை அருளப்பு வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள். எனக்கு வாசித்துக் காட்ட ஆள் அங்கேதான் இருக்கும்.