ராயப்பன் வாயும் கொழும்புப் பெட்டியும்

கச்சேரியில் பாடுகிறவனுக்கு மாலை விழும். வாசிக்கிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். மைக் செட்டு தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். உலக நியதி இது. இதை மாற்றவேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது. தைலம் தேய்த்துவிட ஓர் ஆள் இருந்தால் போதும்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ராயபுரத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தோம். பாட்டும் ஆர்மோனியமும் ராயப்பன். தபலா தண்டையார்பேட்டை மஸ்தான். எனக்குப் பாட்டும் வராது, தாளமும் நிற்காது. ஆனால் ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தேன் (கப்பலில் ஏறுகிற சரக்கை எண்ணுகிற உத்தியோகம், கனவிலும் எண்ணிக்கொண்டிருப்பேன்). பெட்டி, மூட்டை சமாசாரமெல்லாம் இவனுக்குத்தான் தெரியும் என்று மைக் செட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஓர் ஆம்பிளிஃபயர், ஒரு மைக், பூசணிப்பூ மாதிரி விரிந்த ஒரு குழாய் ஸ்பீக்கர். இவ்வளவுதான் எங்கள் ஆஸ்தி.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்றால், ராயப்பனுக்கு பிலோமினா என்று ஒரு தங்கை இருந்தாள். (இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?) அப்பா இல்லாத வீடு. அவள் கண்ணாலேயே சரி சொல்லிவிட்டாள், அண்ணன்தான் பாக்கி. ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"மொதல்ல அந்த மைக் செட்ட ஒழுங்கா பாத்துக்கடா. ஒரு பொருள ஒடையாம வச்சிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் நான் பொண்ணு குடுப்பேன்" என்றான்.

அங்கேதான் இடித்தது. அந்தக் காலத்து ஆம்பிளிஃபயருக்குள் கண்ணாடி வால்வுகள் இருக்கும். கை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனால், போய்ச் சேருவதற்குள் ஒரு வால்வாவது உயிரை விட்டிருக்கும். கோணியில் சுற்றினேன். போர்வையில் சுற்றினேன். மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உட்கார்ந்துகூடப் போனேன். ஒன்றும் பலிக்கவில்லை. நல்ல பெட்டி ஒன்று கிடைத்தால்தான் கல்யாணம் என்று ஆகிவிட்டது.

முதலில் ஒரு தகர டிரங்குப் பெட்டி வாங்கினேன். ரிக்‌ஷா நகர்ந்ததும் அது போட்ட சத்தத்தில், "இன்னா மாமு, என் தபலாவ விட உன் பொட்டி நல்லா வாசிக்குது" என்றான் மஸ்தான். அடுத்து தேயிலைப் பெட்டி. முதல் பயணத்திலேயே அடி கழன்று ஸ்பீக்கர் ரோட்டில் உருண்டது. கடைசியில் மாதா கோயில் பக்கம் சவப்பெட்டி செய்கிற ஆசாரியிடம் போனேன். நல்ல வேலைக்காரர். அளவு நாடாவை எடுத்தவர் பழக்க தோஷத்தில், "ஆளு ஒயரம் இன்னா நைனா?" என்று கேட்டார். விஷயம் ராயப்பன் அம்மா காதுக்குப் போனது. அந்தப் பொட்டி தன் வாசப்படி ஏறினால் நான் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படி அலுத்துச் சலித்துப் போயிருந்த நேரத்தில்தான் ஹார்பர் கொட்டகையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். கொழும்புக்குக் கருவாடு ஏற்றிப் போகிற பெட்டி. கெட்டி மரம், மூலைக்கு மூலை இரும்புப் பட்டை. மூடி உடைந்ததால் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, உழைத்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்து, பினாயில் ஊற்றிக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, சாம்பிராணிப் புகையும் போட்டேன். உள்ளே தேங்காய் நார் மெத்தை. முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் கம்பி வலை. ஆம்பிளிஃபயரை வெளியே எடுக்காமல் பெட்டிக்குள் வைத்தே பாடவைக்கலாம். என் சொந்த மூளை! மூன்று பேரும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தோம். "சாம்பிராணி வாசன ஜோரா கீது" என்றான் ராயப்பன்.

இங்கேதான் கோட்டை விட்டோம். பிறந்ததிலிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டைக் கடற்காற்றைக் குடித்து வளர்ந்த மூக்குகள் மூன்றும். எங்களுக்குக் கருவாடு ஒரு வாடையே இல்லை, அது காற்றில் ஒரு பாகம். வேறு ஊர் மூக்கு ஒன்றைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

திருவொற்றியூரில் மரவாடி வைத்து மர வியாபாரம் செய்த ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. சுத்த சைவம். மாலையில் போய் இறங்கிப் பெட்டியைத் திறந்தால், ஒரு வால்வு உடையவில்லை! ராயப்பன் என் தோளைத் தட்டி, "பரவால்லியே. நாளிக்கி வூட்டுக்கு வா, பேசலாம்" என்றான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் பாட்டு. வால்வுகள் கொதித்தன. சூடு தணியட்டும் என்று கல்யாண வீட்டு மேஜை ஃபேனைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துப் போட்டேன். சரணத்துக்குள் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார்.

"யாருய்யா அது, கருவாடு சுடறது?"

சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். "என் அடுப்புல கருவாடா? இப்படியே கரண்டியை வச்சிட்டுப் போயிடுவேன், பாயசத்தை நீங்களே கிண்டிக்குங்க!"

பாட்டு நின்றது. ஃபேனையும் நிறுத்தினேன். வாடையும் அடங்கியது. சமாதானமாகி, இரண்டாவது பாட்டு. மறுபடியும் ஃபேன், மறுபடியும் கருவாடு. மதில்மேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்து ராயப்பனையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைய கச்சேரியை ஆசையோடு கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

பெண்ணின் பெரியம்மா ஒருவர் முன்வரிசையில் இருந்தார். நிதானமாகக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. நீங்க வாயத் திறந்தாத்தான் அந்த வாடை வருது. சைவ வீட்டுக்கு வரும்போது வாயக் கொப்பளிச்சிட்டு வந்திருக்கலாம்."

பந்தலே திரும்பி ராயப்பன் வாயைப் பார்த்தது.

பாவி, அன்று மத்தியானம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வந்திருந்தான்! முகம் செத்துப்போயிற்று. ஏலக்காய் கேட்டான், கிராம்பு கேட்டான், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்து குனிந்தான்.

"டேய், நெசமாவாடா? மோந்து பாரு." என் முகத்தில் ஊதினான்.

அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. என் கை பெட்டிமேல் இருந்தது. மரம் அடுப்பு மாதிரி சுட்டது; அதில் ஊறியிருந்த கருவாடுதான் ஃபேன் காற்றில் பந்தலுக்குப் போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் பிலோமினா கிடையாது.

"லேசா" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் பாடவில்லை. மஸ்தான் மட்டும் தனியாகத் தபலாவைத் தட்டி ஒப்பேற்றினான். எங்களுக்கு இலையைக் கொல்லைப்புறம் போட்டார்கள்.

மறுநாள் ராயப்பன் மாதா கோயிலுக்குப் போய், இனிமேல் கருவாட்டைத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டான். ராயபுரத்துக்காரன்! பிறகு என்னைக் கூப்பிட்டு, கண் கலங்க, "அத்தினி பேரு அசிங்கப்படுத்தும்போது நீ மட்டும் 'லேசா'ன்னு சொன்ன பாரு, நீதான்டா தோஸ்து. பிலோமினாவ நீயே கட்டிக்க" என்றான். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் கட்டிக்கொண்டேன்.

குழு கலைந்தது. பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. பிலோமினா அதில் கல்யாணப் புடவையை வைத்துப் பூட்டினாள். வருஷங்கள் கழித்து ஓர் ஐப்பசி அடைமழையில் ஓடு ஒழுகிப் பெட்டி ஊறிவிட்டது. புடவையை எடுத்து மோந்து பார்த்தவள், என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்சம் வூட்டுக்கு வந்துட்டுப் போ" என்று ஆள் அனுப்பினாள்.

ராயப்பன் வந்து பெட்டிக்குள் தலையை விட்டான். இத்தனை வருஷமாகக் கருவாட்டைத் தொடாத மூக்கு, உடனே கண்டுபிடித்துவிட்டது. வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. நான் அடி வாங்கத் தயாராக நின்றேன். அவன் நிமிர்ந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, தங்கையைப் பார்த்தான்.

"சோத்தப் போடு. கருவாடு கீதா?"

"நேர்ச்சை இன்னாவறது அண்ணே?"

"மாதா கிட்ட நான் பேசிக்கிறேன். இவன் கிட்ட நீ பேசிக்க."

அவள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மச்சான் சாப்பிட வருகிறான். கருவாடு வாங்கி வருவது என் பொறுப்பு. சட்டியில் அது விழுந்து வாடை கிளம்பியதும், "தாத்தா, மைக் செட்டு போட்டாச்சு!" என்று பேரப்பிள்ளைகள் கத்தும். சாப்பிட்டு முடித்ததும் ராயப்பன், பல் போன வாயை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து ஊதுவான்.

"இன்னா மாப்ள, வாடை வருதா?"

வீடே என் பதிலுக்குக் காத்திருக்கும். சொல்லாமல் விடமாட்டார்கள்.

"லேசா" என்பேன்.