ஊசிக்காரம்மா ஆறாங்கிளாஸ் படிச்ச கதை

தாம்பரத்துல அந்தக் காலத்துல ஜனங்க ரெண்டே விஷயத்துக்குத்தான் ஓடுவாங்க. ஒண்ணு, எட்டரை மணி எலக்ட்ரிக் டிரெயின். இன்னொண்ணு, ஊசிக்காரம்மா. டிரெயினைப் பாத்தா அதைப் பிடிக்க ஓடுவாங்க, ஊசிக்காரம்மாவைப் பாத்தா எதிர்த் திசையில ஓடுவாங்க. டிரெயினை விட்டவங்க ஆயிரம் பேர் உண்டு. ஊசிக்காரம்மாகிட்டேருந்து தப்பிச்சவன்னு ஒருத்தனை நான் பாத்தது கிடையாது.

அம்மை குத்தறது, காலரா ஊசி போடறது, அதான் அவங்க உத்தியோகம். ஒரு கருப்புக் குடை, ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள்ள ஸ்பிரிட் விளக்கு. முடிச்சூர் ரோடு முனையில அந்தக் குடை தெரிஞ்சா போதும், எங்க ஸ்கூல் காம்பவுண்டு சுவர் மேல இருபது பிள்ளைங்க ஏறி நிக்கும். அந்தப் பக்கம் குதிச்சா, அங்க ஊசிக்காரம்மா நிப்பாங்க. "வாங்க கண்ணுங்களா"ன்னு கையை நீட்டுவாங்க. எந்த வழியா வந்தாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவங்க நிஜப் பேரு அவங்க சர்ச் பாஸ்டருக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஊருக்குத் தெரியாது.

சாதாரண நாள்ல அவங்க பேசற தமிழ், ஞாயித்துக்கிழமை பிரசங்கம் மாதிரி சுத்தமா இருக்கும். கோபம் வந்துச்சுன்னா நேரா பல்லாவரம் சந்தையில இறங்கிடும். கோபம் அடிக்கடி வரும்.

நான் அந்த ஸ்கூல்ல கிளார்க். வயசு இருபத்திநாலு, எடை நாப்பத்தஞ்சு கிலோ, அதுல தைரியம் ஒரு கிராம்கூடக் கிடையாது. ஹெட்மாஸ்டர் தும்மினா நான் எழுந்து நிப்பேன்.

ஊரையே ஓட விட்ட அந்தம்மாவுக்கு ஒரே பொண்ணு, எஸ்தர். எங்க ஸ்கூல்லதான் ஆறாவது பி. புருஷன் எங்கேயோ வடக்க மிலிட்டரியில, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவார். எஸ்தர் அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தான் வந்துட்டிருந்துச்சு. ஆறாவதுல திடீர்னு ஒரு நாள் கேட்கிட்ட நின்னுடுச்சு. கால் நகரலை. மறுநாள் கேட்கிட்ட வாந்தி. அதுக்கு மறுநாள் வீட்டு வாசல்லயே வாந்தி. ஞாயித்துக்கிழமைன்னா ஒண்ணும் இல்லை, குதிச்சு விளையாடும். ஏம்மான்னு கேட்டா, அதுக்கே சொல்லத் தெரியலை. "நெஞ்சு அடிக்குதும்மா"ங்கும், அவ்வளவுதான்.

உடனே ஊரே டாக்டர் ஆயிடுச்சு. ஒருத்தர் மந்திரிச்சுத் தாயத்து கட்டச் சொன்னார். ஒருத்தர் முதுகுல நாலு வைக்கச் சொன்னார். எதிர்வீட்டு ரிட்டயர்டு சூப்பரின்டெண்ட், "பொட்டப் பிள்ளைதானே, விடுங்க, சமையலைக் கத்துக்கட்டும்"னார். அந்தாள் பொண்ணு டாக்டருக்குப் படிச்சிட்டிருந்துச்சு. இப்ப நினைச்சாலும் எனக்குப் பல்லு கடிக்குது.

எங்க ஹெட்மாஸ்டர் வைத்தியம் வேற. டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டு, "இழுத்துட்டு வாய்யா"ன்னுட்டார். எஸ்தர் கேட் கம்பியைப் பிடிச்சிட்டு இருந்துச்சு. அந்தாள் அதோட விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சாரு. அந்தப் பிள்ளை நின்ன இடத்துலயே பாவாடையை நனைச்சுடுச்சு. சுத்தி முன்னூறு பிள்ளைங்க சிரிச்சுது. நான் ஆபீஸ் ஜன்னல் வழியாப் பாத்துட்டிருந்தேன். பாத்துட்டு என்ன பண்ணேன்னு கேக்கறீங்களா? ஜன்னலைச் சாத்தினேன். தைரியத்தைப் பத்திச் சொன்னேனே, அது தமாஷுக்குச் சொன்னது இல்லை.

பத்து நிமிஷத்துல ஊசிக்காரம்மா வந்துட்டாங்க. கையில பெட்டி. சுவர் மேல பிள்ளைங்க ஏறிடுச்சு. டிரில் மாஸ்டரும் சுவரைத்தான் பாத்தார். அந்தம்மா எஸ்தரைக் கூட்டிட்டு நேரா ஹெட்மாஸ்டர் ரூமுக்குள்ள நுழைஞ்சாங்க.

"இன்னா சார், புள்ளையா, அரிசி மூட்டையா?"

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "இது பாருங்கம்மா, வெறும் நடிப்பு. ரெண்டு நாள் இழுத்துட்டு வந்தா மூணாம் நாள் தானா வரும்."

"இருவது வருஷமா புள்ளைங்க கையைப் புடிச்சிகினு கீறேன் சார் நானு. நடிக்கிற புள்ளை கை சூடா கீது. நெசமா பயந்த புள்ளை கை ஐஸு. இந்தா, தொட்டுப் பாருங்க! தொடுங்க சார்!"

எஸ்தர் கையைப் பிடிச்சு அவர் மேஜை மேல வச்சாங்க. அவர் தொடலை. ஒரு தொடு தொட்டிருக்கலாம், ஒண்ணும் குறைஞ்சு போயிருக்காது.

அப்புறம் அந்தம்மா மூச்சு வாங்கிட்டு, பிரசங்கத் தமிழுக்கு வந்து கேட்டாங்க. "கொஞ்ச நாள் பாடத்தை எழுதி வீட்டுக்குக் குடுங்க சார். நான் சொல்லித் தர்றேன். பரீட்சை மட்டும் ஒரு தனி ரூம்ல எழுத விடுங்க. பயம் தெளிஞ்சா தானே வருவா."

"பாடத்தை வீட்டுக்கு அனுப்ப இது தபாலாபீஸ் இல்லை. ஸ்கூலுக்கு வந்தாத்தான் பாடம். தொடர்ந்து வரலைன்னா ரெஜிஸ்டர்ல பேரை அடிச்சிடுவோம். பேரை அடிச்சா பரீட்சை கிடையாது, வருஷம் போச்சு."

"வந்தாத்தான் பாடம்?"

"வந்தாத்தான்."

"யாரு வந்தாலும்?"

"யாரா இருந்தாலும்!" அப்படின்னு மேஜையைத் தட்டினார். வாழ்க்கையில அவர் தட்டக்கூடாத தட்டு அது ஒண்ணுதான்.

மறுநாள் காலையில ஆறாவது பி கடைசி பெஞ்சுல ஊசிக்காரம்மா உக்காந்திருந்தாங்க. சேத்து வச்ச லீவு அத்தனையும் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாங்களாம். நோட்டு, பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் எஸ்தரோடது. பெஞ்சுல அவங்க ஒருத்தர் உக்காந்ததுல மூணு பிள்ளைங்க இடம் போச்சு. அதைப் பத்தி யாரும் புகார் பண்ணலை, ஏன்னா அந்த மூணும் ஏற்கெனவே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. அன்னிக்கு ஆறாவது பி-ல நாப்பத்திரண்டு பேருக்குப் பதினோரு பேர். ஸ்கூலுக்கு வர பயப்படறதுன்னா என்னன்னு முதல் தடவையா அந்தக் கிளாஸுக்கே புரிஞ்சுது.

வாத்தியார் பேர் கூப்பிட்டார். "எஸ்தர்."

"உள்ளேன் ஐயா!"

கட்டைக் குரல். வாத்தியார் பேனாவைத் தூக்கிட்டு ஆபீஸுக்கு ஓடி வந்தார். "யோவ் கிளார்க், வந்திருந்தா நீல மை, வரலைன்னா சிவப்பு மை. இதுக்கு என்ன மையா போடறது?"

"பென்சில்ல போடுங்க சார்"ன்னேன். நான் கொடுத்த யோசனைகள்லயே உயர்ந்தது அது.

மூணாவது நாள் பிள்ளைங்க பழகிடுச்சு. பெட்டி கொண்டு வராத ஊசிக்காரம்மா வெறும் அம்மாதான்னு அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. பழகாதவங்க வாத்தியாருங்கதான். சயின்ஸ் வாத்தியார், நேரம் பாத்து, தடுப்பூசிப் பாடம் எடுத்தார். "ஊசி போட்டா வலிக்கவே வலிக்காது பிள்ளைங்களா"ன்னார். கடைசி பெஞ்சு எழுந்துடுச்சு.

"வலிக்கும். பொய் சொல்லாதீங்க. வலிக்கும், அப்புறம் போயிடும். வலிக்காதுன்னு சொல்லி ஒருத்தன் ஏமாத்தினான்னா, அந்தப் புள்ளை அதுக்கப்புறம் எவன் சொல்றதையும் நம்பாது."

சயின்ஸ் வாத்தியார் அந்தப் பக்கத்தைத் திருப்பிட்டு தவளைப் பாடத்துக்குப் போயிட்டார்.

சாயங்காலம் வீட்டுல எஸ்தருக்கு இவங்க டீச்சர். ஆனா கணக்குல இவங்க கொஞ்சம் வீக்கு. போர்டுல இருக்கிறதை அப்படியே காப்பி பண்ணிட்டுப் போய் எஸ்தர்கிட்ட நீட்டிடுவாங்க. ஒரு நாள் காலையில கணக்கு வாத்தியார்கிட்ட நோட்டைக் கொண்டு வந்தாங்க. "நேத்து நீங்க போட்டது தப்புன்னு எம் பொண்ணு சொல்லுது சார்." வாத்தியார் சிரிச்சார். நோட்டை வாங்கிப் பாத்தார். சிரிப்பை நிறுத்திட்டு போர்டுல போய் அழிச்சு எழுதினார். இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நாங்க சமையலுக்கு அனுப்பப் பாத்தோம்.

லீவு தீர்ந்துபோச்சு. கடைசி நாள் சாயங்காலம், பேரை அடிக்கிற ஆர்டரை எழுதறதுக்கு ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். ஊசிக்காரம்மா வராந்தாவுல நின்னுட்டிருந்தாங்க. நான் மெதுவாப் போய், "அம்மா, போன வருஷத்து விஷயத்தை எடுத்து விடுங்களேன், மனுஷன் அடங்கிடுவார்"னேன்.

அந்தப் பார்வை! எனக்குப் பழைய அம்மை குத்தின தழும்பு ரெண்டும் அரிச்சுது. "ஊசி போட்டவ வாயைத் தொறந்தா நாளைக்கு எவன் தம்பி கையை நீட்டுவான்? அது வெளிய போற பேச்சு இல்லை"ன்னுட்டு உள்ள போனாங்க.

போன வருஷத்து விஷயம் இதுதான். ஊர்ல அம்மைன்னு பேச்சு வந்து, வாத்தியாருங்க எல்லாரையும் ஸ்டாஃப் ரூம்ல வரிசையா நிறுத்திக் குத்தினாங்க. ஹெட்மாஸ்டரைக் காணோம். தேடினா, மேப்பெல்லாம் சுருட்டி வைக்கிற ரூம்ல ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவுல நிக்கிறார். முகமெல்லாம் வேர்வை. ஊசிக்காரம்மா அவரைப் பாத்து சிரிக்கலை. "பரவால்ல சார், நான் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்"னு சொல்லிட்டு, வெளிய வந்து "ஹெட்மாஸ்டருக்கு முடிஞ்சுது"ன்னாங்க. அதே மாதிரி ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நேரா அவர் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திட்டு, ஒரு மணி நேரம் பேசிப் பேசிக் குத்திட்டு வந்தாங்க. துணைக்குப் போனவன் நான்.

நான் உள்ள போனப்ப அந்தம்மா கடைசியாக் கேட்டுட்டிருந்தாங்க. "ஒரே ஒரு ரூம் சார். ஸ்கூல் இல்லாத ஒரு நாள். பரீட்சை மட்டும்."

ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இப்படி ஒருத்தருக்கு மட்டும் தனியா சலுகை குடுத்ததா முன்னுதாரணம் ஏதாவது இருக்கா? இல்லைல்ல? எழுதிக்கோ."

"இருக்கு சார்."

யார் பேசினதுன்னு நானே திரும்பிப் பாத்தேன். பின்னாடி யாரும் இல்லை.

"என்னது?"

"பேர் வேண்டாம் சார். ஒரு பெரியவர். எல்லாரும் வரிசையில நின்னாங்க, அவரால நிக்க முடியலை. யாரும் அவரை இழுத்துட்டுப் போகலை சார். விரலைப் பிரிக்கலை. நடிப்புன்னு சொல்லலை. ஒருத்தங்க அவர் வீட்டுக்கே போய், கதவைச் சாத்திட்டு, அவர் பயம் தெளியற வரைக்கும் உக்காந்திருந்தாங்க. வெளிய கதவைப் பிடிச்சிட்டு நின்னவன் நான். உள்ளேருந்து 'அம்மா'ன்னு ஒரு சத்தம் வந்துச்சு சார். அதை ஃபைல்ல ஏத்திடவா?"

அவர் தலையைக் குனிஞ்சு பேப்பர்வெயிட்டை ஒரு சுத்து சுத்தினார். அப்புறம், "சனிக்கிழமை. ஆபீஸ் ரூம். நீயே சூப்பர்வைசர்"னார். அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் என் குட்மார்னிங்குக்கு அவர் பதில் சொன்னதில்லை.

வெளிய வந்ததும் ஊசிக்காரம்மா நன்றி சொல்வாங்கன்னு நெஞ்சை நிமித்திட்டு நின்னேன். "உங்களை யாரு தம்பி பேசச் சொன்னது?"

"பேரைச் சொல்லலையேம்மா."

"சொல்லாம சொன்னியே, அது இன்னா? அவரு பயம் அவரோடது. உனக்கு இன்னா வந்துச்சு?" கேட் வரைக்கும் திட்டிட்டே போனாங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் போயும் திட்டினாங்க.

சனிக்கிழமை காலையில எஸ்தர் வந்துச்சு. கேட்டுலேருந்து ஆபீஸுக்கு நாப்பது அடி. அந்த நாப்பது அடிக்கு அரை மணி நேரம் ஆச்சு. நானும் அவசரப்படுத்தலை, அந்தம்மாவும் கையைப் பிடிக்கலை. மூணு தடவை நின்னுச்சு, ஒரு தடவை திரும்பிப் போச்சு, அப்புறம் வந்துச்சு. கதவைத் திறந்தே வச்சேன், ஜன்னலையும்தான். அம்மா கூட இருந்தா நாளைக்கு எவனாவது காப்பின்னு சொல்வான்னு ஊசிக்காரம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், குடையை விரிக்கக்கூட மறந்து வெயில்ல நின்னாங்க.

கொஸ்டின் பேப்பரைக் குடுத்தேன். எஸ்தர் பத்து நிமிஷம் பேனாவைத் தொடலை. ஏதாவது சொல்லலாமான்னு வாயைத் திறந்து, மூடிட்டேன். அப்புறம் எழுத ஆரம்பிச்சுது. எழுதிச்சு, எழுதிச்சு, தலையைத் தூக்கவே இல்லை. திடீர்னு, "அண்ணா, அடிஷனல் ஷீட்டு"ன்னுச்சு.

ஷீட்டைக் குடுத்துட்டு நான் ஓடினேன். கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, செருப்பு ஒண்ணு நடு ரோட்டுல கிடக்க, ஊசிக்காரம்மாகிட்ட போய் நின்னேன். "அம்மா! அடிஷனல் ஷீட் கேட்டுச்சும்மா!"

தாம்பரத்தையே ஓட விட்ட மனுஷி, அப்படியே மண்ணுல உக்காந்துட்டாங்க. முந்தானையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் முந்தானையை எடுத்துட்டு கத்தினாங்க பாருங்க:

"இதைச் சொல்லவா ஓடி வந்தே? அங்க எம் புள்ளை தனியா கீதே! அதுக்குத் துணை யாரு? போடா! ஓடுடா!"

ஓடினேன். எத்தனையோ பேர் என்னை டா போட்டிருக்காங்க, எல்லார் மேலயும் எனக்குக் கோபம் உண்டு. அந்த ஒரு 'டா'வை மட்டும் இன்னொரு தடவை கேக்கணும்போல இருக்கு.