பிறையை மறைத்த நியோன்

பௌதிகவியல் படித்தவர்களை நம்பலாம். அவர்கள் கையில் வயரைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்கிற நானே இன்றுவரை பௌதிகவியல் கற்பித்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் ஒரு முழுச் சந்தின் பெருநாளையும் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கியவனும் நானே. (வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.)

யுத்தம் முடிந்த வருடம். அட்டாளைச்சேனைக்காரனான நான் கல்யாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு குடியிருக்க வந்து நான்கு மாதம். வீடு கல்முனைக்குடியில், கடற்கரைப் பக்கம். பகலில் பாடசாலை, மிச்ச நேரத்தில் முதுமாணிப் பட்ட ஆய்வு. ஆய்வுப் பொருள் நியோன் வாயு.

நியோனுக்கு நான் எங்கே போக? கல்முனையில் ஒரு புடவைக்கடையைச் சுனாமி வாரிக்கொண்டு போனபோது, ஒளிரும் பெயர்ப்பலகையில் 'ட' என்ற எழுத்தின் கண்ணாடிக் குழாய் மட்டும் உடையாமல் மணலில் கிடந்ததாம். கடைக்காரர் அதைச் சாக்கில் சுற்றிப் பல வருடம் வைத்திருந்து, நான் கேட்டதும் தந்துவிட்டார். கடல் புரட்டியெடுத்த அந்தக் குழாய்க்குள் நியோன் இன்னும் சுத்தமாக இருக்கிறதா, அல்லது மயிரளவு வெடிப்பு வழியாகக் காற்று புகுந்துவிட்டதா? இதுதான் என் கேள்வி. குழாயை எரியவிட்டு, அந்த வெளிச்சத்தைத் திருசியமானி என்ற கருவியில் உள்ள அரியத்தால் நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் விடை தெரியும். நியோன் என்றால் சிவப்பிலும் செம்மஞ்சளிலும் கூர்மையான தனித்தனிக் கோடுகள். காற்று என்றால் ஊதாப் பக்கம் மங்கலான பட்டைகள்.

"காத்துத்தான் இருக்கும். வீணாக மினக்கெடாதீங்க" என்றார் பேராசிரியர். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

யுத்த காலத்தில் இந்தப் பரிசோதனையைக் கனவிலும் செய்திருக்க முடியாது. குழாய் எரிய ஆயிரக்கணக்கான வோல்ற்று வேண்டும். அதற்குப் பழைய வேனின் இக்னிஷன் கொயில் ஒன்று, பற்றரி ஒன்று, சுருள் சுருளாக வயர். இவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு செக் பொயின்ட்டைத் தாண்டியிருந்தால் என் முதுமாணி வேறு இடத்தில் முடிந்திருக்கும். சண்டை ஓய்ந்ததும் ஊர் பெருமூச்சு விட்டது. நான் கொயில் வாங்க ஓடினேன்.

திருசியமானியைப் பல்கலைக்கழகத்தில் இரவல் வாங்கி வந்த அன்று நோன்பு இருபத்தொன்பது. பிறை கண்டால் மறுநாள் பெருநாள். காணாவிட்டால் இன்னுமொரு நோன்பு. கொழும்பிலிருந்து வரும் தீர்மானத்துக்காக எல்லோரும் ரேடியோவைச் சுற்றி இருந்தார்கள். (சுனாமிக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் பற்றரி ரேடியோ இல்லாத வீடே இல்லை. போனை நம்ப முடியாது. பிறை இரவில் எந்த இலக்கத்துக்கு எடுத்தாலும் ஒரே பெண்தான் மன்னிப்புக் கேட்பாள்.)

எங்கள் வீட்டில் பரபரப்பு இரண்டு மடங்கு. புது மாப்பிள்ளையின் முதல் பெருநாள் என்பதால், பகல் சாப்பாட்டுக்கு என் உம்மா, வாப்பா என்று அட்டாளைச்சேனையிலிருந்து பன்னிரண்டு பேர் வர இருந்தார்கள். மாமிக்கு அது வெறும் சாப்பாடு அல்ல, மானப் பிரச்சினை. அறிவிப்பு வந்த கையோடுதான் எங்கள் பக்கத்து இறைச்சிக்கடையில் மாடு அறுப்பார்கள். முந்திப் போனவருக்குத்தான் இறைச்சி. மாமா சைக்கிளை வாசலை நோக்கித் திருப்பியே வைத்திருந்தார்.

நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டுப் பின்னறைக்குள் புகுந்தேன். ஜன்னல்களைப் போர்வையால் மூடினேன். மின்னோட்டத்தை விட்டு விட்டுப் பாய்ச்ச ஒரு கருவி தேவைப்பட்டதால், வீட்டுக் கோலிங் பெல்லைக் கழற்றி அதன் தட்டியைப் பூட்டியிருந்தேன். மாமாவின் உழவு மெசின் பற்றரி வந்து சேர்ந்தது. மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் புவித்தொடுப்புக்கு என்ன செய்வது? முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் நீளக் கம்பி கண்ணில் பட்டது. கொயிலின் ஒரு முனையை அதில் கட்டிவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மின் ஆளியைப் போட்டேன்.

எரிந்தது! கடலுக்குள் போய் வந்த குழாய், இருட்டில் செக்கச்செவேலென்று எரிந்தது.

திருசியமானியில் கண்ணை வைக்கப் போகும்போது மாமா கதவைத் தட்டினார்.

"மருமகன், ரேடியோக்கு என்னமோ புடிச்சிட்டு. கர்ர் எண்டு கத்துது. ஒருக்கா வந்து பாருங்க."

பற்றரி வீணாகக் கூடாதென்று ஆளியை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். ரேடியோவைத் தொட்டேன். கணீரென்று கதைத்தது.

"மாஷா அல்லாஹ்! தொட்டதுதான் தாமசம்!" என்றார் மாமா. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் சத்தமாக.

திரும்பிப் போய் ஆளியைப் போட்டேன். இரண்டே நிமிடத்தில் பக்கத்து வீட்டு அவ்வல் காக்கா தன் ரேடியோவோடு வந்து நின்றார். அணைத்துவிட்டுப் போய்த் தொட்டேன். அதுவும் கதைத்தது. மூன்றாம் முறை நான் வெளியே வந்தபோது வாசலில் ஐந்தாறு பேர், ஐந்தாறு ரேடியோ. எல்லாவற்றையும் ஒரே தொடுகையில் சுகப்படுத்தினேன். பெருமையில் எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

"ஆமிக்காரன் ஜாம் பண்ணுறான் போல" என்றார் அவ்வல் காக்கா.

"சண்டதான் முடிஞ்சிட்டே, காக்கா?" என்றார் மாமா.

"முடிஞ்சா? வாங்கின மெசினச் சும்மா வெச்சிரிப்பானா?"

நானும் தலையை ஆட்டினேன். தீப்பொறி பாயும் இடத்தில் ரேடியோ அலை பிறக்கும் என்று அந்தத் தவணையில்தான் வகுப்பில் கரும்பலகை நிறையக் கற்பித்திருந்தேன். ஒரு மாணவனிடம் கேள்வியாகக் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் விடை எழுதியிருப்பான்.

நான்காம் முறை உள்ளே போனதும் கதவைத் தாழிட்டேன். கண்ணை வைத்தேன். கோடுகள்! சிவப்பில் ஒரு கூட்டம், செம்மஞ்சளில் ஒரு கூட்டம், நடுவே தனியாக ஒரு மஞ்சள் கோடு. ஊதாப் பக்கம் ஒரு பட்டைகூட இல்லை. உள்ளே காற்று போகவேயில்லை! சுத்தமான நியோன்! சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ஒவ்வொரு கோட்டின் கோணத்தையும் வாசித்து எழுதினேன். கதவை யாரோ தட்டினார்கள், எனக்குக் கேட்கவில்லை. இருபது நிமிடம் குழாய் விடாமல் எரிந்தது. கொழும்பிலிருந்து தீர்மானம் வந்ததும் போனதும் அந்த இருபது நிமிடத்துக்குள்தான்.

ஒன்றும் கேட்காததால் பிறை இல்லை என்று ஒழுங்கை முடிவு செய்தது. பள்ளியில் அறிவிக்கவேண்டிய மோதினாரின் ரேடியோவும் கர்ர்தான். ஆண்கள் எல்லோரும் நோன்பிரவுத் தொழுகையான தறாவீஹ் தொழக் கிளம்பிவிட்டார்கள்.

என் மனைவி பஸ்மியா மட்டும் ரேடியோவைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்திருக்கிறாள். பின்னறைக்குக் கிட்ட வரவர இரைச்சல் கூடியிருக்கிறது. கதவைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன்.

"இத அணைங்க."

அணைத்தேன். ரேடியோவில் பெருநாள் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது!

"இப்பப் போடுங்க."

கர்ர்ர்.

"அணைங்க."

பெருநாள் பாட்டு. மூன்று தரம் செய்து பார்த்தாள். பிறகு ஜன்னல் போர்வையை விலக்கி, வயர் போய் முடியும் கொடிக்கம்பியைப் பார்த்தாள்.

"ஊருக்கே ஏரியல் கட்டி வெச்சிரிக்கீங்க" என்றாள். அவள் கலைப்பிரிவு படித்தவள்.

"அல்லாஹ்வே, இறைச்சி!" என்று மாமி அலறியது பள்ளிவாசல்வரை கேட்டிருக்கும். மாமா ஓடிவந்து சைக்கிளில் பறந்தார். அரை மணித்தியாலத்தில் வெறும் பையோடு வந்தார். மற்ற ஒழுங்கைக்காரர்கள் எலும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பெருநாளுக்குத் தோணிகளும் இறங்காது. கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்க, பெட்டிக்கடையில் மிஞ்சியிருந்தது டின்மீன் மட்டுமே.

"மருமகன், ஊருக்குள்ள மூச்சுவிடாதீங்க" என்று மாமா என் காதில் சொன்னார். "ஆமிக்காரன் செஞ்சதாவே இரிக்கட்டும்."

ஆனால் மாமி அதற்குள் வேலியோரம் நின்று, இரண்டு பக்கத்துக்கும் சொல்லி முடித்திருந்தார்.

மறுநாள் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். டின்மீன் பிரியாணி வந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. உம்மா ஒரு வாய் வைத்தார்.

"இதென்ன மச்சி, இறைச்சி இவ்வளவு மெத்தெண்டு இரிக்கி?"

மாமி என்னை ஒருமுறை பார்த்தார். "இறைச்சி இல்ல மச்சி. ஒங்கட மகன்ட ஆராய்ச்சி."

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. உம்மா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். மாமியின் முகம் மலர்ந்ததைக் கண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

முதுமாணி நேர்முகத்தில் பேராசிரியர் கேட்டார்: "உமது கொயிலின் குறுக்கீடு எவ்வளவு தூரம் போகும்?"

"எங்கள் வீட்டிலிருந்து மதகுவரை, சேர்."

"அளந்தீரா?"

"ஓம் சேர். மதகுக்கு இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் டின்மீன். அந்தப் பக்கம் இறைச்சி."

பட்டம் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் பிறைச் செய்தி போனிலேயே வந்துவிடுகிறது. எந்தக் கொயிலாலும் அதைக் கெடுக்க முடியாது. ஆனாலும் நோன்பு இருபத்தொன்பதில், மஃரிபிலிருந்து அறிவிப்பு முடியும்வரை, பஸ்மியா என்னை ஹோலில் தன் பக்கத்தில் இருத்தி, என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். வாப்பா மேல் உம்மாவுக்கு எவ்வளவு பாசம் என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நான் திருத்தப் போகவில்லை.