தாய் நாயின் சம்மதம்

சண்டை நாய் என்று வாங்கிவந்த வெள்ளைக்குட்டிக்குக் காது கேட்காது என்பது மாணிக்கவாசகத்துக்குத் தெரியவந்தபோது, ஏலக்காய் ஸ்டோரில் இன்னொரு மூட்டையும் காணாமல் போயிருந்தது. திருடன் வந்திருக்கிறான், எடுத்திருக்கிறான், போயிருக்கிறான். குட்டி வாசலிலேயே படுத்துச் சுகமாகக் குறட்டை விட்டிருக்கிறது.

மாணிக்கவாசகம் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஸ்டோர் கணக்கப்பிள்ளை. அந்தத் தோட்டத்துத் துரைக்குத் தேயிலை ஒரு கண் என்றால் ஏலக்காய் மறு கண். நல்ல பிட்புல் குட்டியாகப் பார்த்து வாங்கிக் கட்டு, இனியும் மூட்டை போனால் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு வந்தால் வேலை போகும், குடியிருக்கிற வீடும் போகும். மனைவி பாலாமணியோ நிறைமாதம்.

அவருக்கு மாட்டைத் தெரியும், ஆட்டைத் தெரியும், நாயைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்தவன் ஸ்டோர்க் காவல்காரன் ராசையா ஒருவன்தான். வெள்ளைக்குட்டி அவன் பொறுக்கியது. ஊரில் காளை வாங்குகிறவர்கள் செய்வதுபோலக் குட்டியின் முதுகைத் தடவிச் சுழி பார்த்தான். ராஜசுழி என்றான். காதருகில் தகரத்தைத் தட்டினான். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களாய்யா, இடியே விழுந்தாலும் அசையாது. வீரமுன்னா இதுதாங்க" என்றான்.

மாணிக்கவாசகமும் பூரித்துப்போய் வாங்கிவந்துவிட்டார்.

இரண்டாவது குட்டி உக்குவளை ஸ்டேஷன் வாசலில் ஒருவன் கூடையில் வைத்து விற்றதில் வாங்கியது. இதன் தாய் எங்கே என்று விற்கிறவனிடம் கேட்கலாமே என அவருக்கே தோன்றியதுதான். தாயைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, குட்டியைத்தானே வளர்க்கப்போகிறோம் என்றான் ராசையா. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பால்குடி மறக்குமுன் பிரித்த குட்டி. வயிறு முழுக்கப் பூச்சி. இருட்டினால் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடும். எலி ஓடினாலும் அழும், இலை விழுந்தாலும் அழும். திருடன் வந்ததற்கு எப்போது அழுதது என்று யார் கண்டார்? ஒரு நாள் விடிந்ததும் தூக்கமில்லாத சிவந்த கண்ணோடு துரை ஸ்டோருக்கு வந்து நின்றார். அன்றைக்கும் ஒரு மூட்டை குறைந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பேன் என்றுவிட்டுப் போனார்.

இரண்டு குட்டிகளும் பாலாமணியின் அடுப்படியில் கஞ்சி குடித்துக் கொழுத்தன.

இந்த நிலையில்தான் துரை வீட்டு பட்லர் ஒரு வழி சொன்னான். அலுவிகாரையில் ஒரு பறங்கிச் சீமாட்டி இருக்கிறார், ஊரார் நோனா என்பார்கள், அசல் பிட்புல் வளர்க்கிறார், ஆனால் கண்டவர்களுக்கும் குட்டி கொடுக்கமாட்டார் என்றான். இந்தத் தடவை ராசையாவிடம் யோசனை கேட்காமல் மாணிக்கவாசகம் தானே போனார். வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துப்போனார்.

அங்கே அவர் கேள்வி கேட்க வழியே இருக்கவில்லை. நோனாதான் கேட்டார், பெண் கொடுக்கிற வீட்டார் மாதிரி. குடிப்பீரா, கை நீட்டுவீரா, சங்கிலியில் கட்டிப்போடுவீரா, வீட்டில் யார் யார்? கடைசியில், குட்டி எவனோடு படுக்கப்போகிறதோ அவனைக் கூட்டிவந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று அனுப்பிவிட்டார்.

சேதி கேட்டதும் ராசையாவுக்குப் பல்வலி வந்தது. பல்வலி தீர்ந்ததும் அந்தத் திசை தனக்கு ஆகாது என்றான். அந்த வீட்டு நாய் ஆளை உரித்துவிடும் என்றும் சொல்லிப் பார்த்தான்.

"நாய்க்குச் சுழி பாக்குற ஆளு நாய்க்குப் பயந்தா எப்படிப்பா? பேசாம பஸ்ஸுல ஏறு" என்றார் மாணிக்கவாசகம்.

ஏறினான். கம்பளியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஏறினான். நோனா வீட்டுக் கேட்டோடு நின்று, உள்ளே வராமல் கொக்கோ மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

நோனா கடைசி நிபந்தனையைச் சொன்னார். தாய் நாய்க்குப் பிடிக்காதவருக்குக் குட்டி கிடையாது. புது ஆள் எவரையும் அது கிட்ட விடாது, முகர்ந்து பார்த்துச் சும்மா இருந்தாலே பாஸ் என்று சொல்லிச் சங்கிலியை அவிழ்த்தார். தாய் நாய் வந்தது. மாணிக்கவாசகத்தை முகர்ந்தது. உறுமியது. அவர் வேட்டி நுனியைப் பிடித்து ஒரு முழம் கிழித்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்க கணக்கப்பிள்ளை, இவளுக்குப் பிடிக்கல்ல" என்றார் நோனா.

வேலை, வீடு, பாலாமணியின் வயிறு எல்லாம் மாணிக்கவாசகத்தின் கண்முன் வந்து நின்றன. வெட்கத்தைப் பார்க்காமல் அழுதார்.

அப்போது தாய் நாய் மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்தது. அடுத்த நிமிஷம் கொக்கோ மரத்தை நோக்கிப் பாய்ந்தது. போச்சு, ராசையா தொலைந்தான் என்று மாணிக்கவாசகம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால், நாய் அவன் தோளில் முன்கால்களைப் போட்டு, கம்பளியை இழுத்தெறிந்து, முகமெல்லாம் நக்கிக்கொண்டிருந்தது. வால் ஆடிய ஆட்டத்தில் உடம்பே ஆடியது.

நோனா நெஞ்சில் கை வைத்தார். இப்படி ஓர் ஆளைத் தன் ஆயுளில் கண்டதில்லை, இவன் இருக்கிற இடத்துக்கு நம்பிக் குட்டி கொடுக்கலாம் என்று சொல்லி, கொழுகொழுவென்று ஒரு பழுப்புக் குட்டியை மாணிக்கவாசகத்தின் கையில் கொடுத்தார். ஈர மூக்கு, தெளிந்த கண். கை தட்டினால் சட்டென்று திரும்பியது. தாயையும் பார்த்தாயிற்று. மாணிக்கவாசகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குட்டியோடு சேர்த்து ராசையாவையும் கட்டிக்கொண்டார். துரையிடம் சொல்லி உனக்குச் சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார்.

"போயிருவோங்கய்யா, பஸ்ஸு போயிரும்" என்றான் ராசையா, நாயைத் தள்ளிவிட முடியாமல்.

நோனா தேத்தண்ணீர் குடிக்காமல் அனுப்பமாட்டேன் என்றார். சமையற்காரி அழகாயி தட்டோடு வெளியே வந்தாள். நாயையும் அதன் கீழே நின்ற ஆளையும் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"என்னண்ணே, எப்பவும் அடுப்படிப் பக்கமாத்தானே வருவீங்க, இன்னைக்கு முன்வாசல்ல நிக்கிறீங்க, ஏலக்கா மூட்டை எங்க?"