முதல் தாளை வெட்டாத காரியதரிசி

அரைகுறையாகப் படித்தவனைக்கூட மன்னித்துவிடலாம். புத்தகத்தை நடுவிலிருந்து படித்தவனை மன்னிக்கவே கூடாது. நான் இரண்டாவது வகை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம். திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல், பூதப்பாண்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பினேன். சும்மா இருப்பவனுக்கென்றே ஊரில் ஒரு பதவி இருந்தது: வாசகசாலைக் காரியதரிசி. கூட்டம் நடத்துவது எப்படி என்று முந்நூறு பக்கம் பேசும் ஒரு சீமைப் புத்தகத்தோடு பதவியேற்றேன். (இங்கிலீஷ் புத்தகம். ஊரில் யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.) அந்தமாதிரிப் புத்தகங்களில் சில தாள்கள் ஓரம் ஒட்டியே இருக்கும்; படிப்பவன்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். முன்னுரைதானே என்று முதல் தாளை நான் வெட்டவேயில்லை.

கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று, "பாயிண்ட் ஆஃப் ஆர்டர்!" என்பேன். பிரசிடண்டு சிவதாணுப் பிள்ளை, "ஆர்டரெல்லாம் காப்பிக்கடையிலே போடும் வே. இங்க காரியத்தைச் சொல்லும்" என்பார்.

அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில், பெண்கள் பள்ளிக்கூடத்து பகவதி டீச்சர் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணிவரை வாசகசாலையைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும். நியாயமான கோரிக்கை. எழுத்துக்கூட்டத் தெரிந்த பெண்கள் அதுவரை பலசரக்குப் பொட்டலத்தைப் பிரித்துத்தான் உலகச் செய்தி படித்தார்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரம்தான் நான் அங்கே பெஞ்சில் தூங்கும் நேரம். (முகத்தின்மேல் பேப்பர் கிடக்கும். படிப்பதாகவே ஊர் நம்பியது.)

ஓட்டெடுத்தோம். பதினொன்றுக்குப் பதினொன்று. துள்ளி எழுந்தேன்.

"ஓட்டு சமமானால் பிரேரணை தோற்றது! புத்தகத்தில் இருக்கிறது!"

சிவதாணுப் பிள்ளை வாசகசாலைச் சங்கத்து நிபந்தனை நோட்டைப் பிரித்தார். "நம்ம ஏழாம் நிபந்தனை வேற மாதிரில்லா சொல்லுகு. 'ஓட்டு சமம் வந்தால் அம்மன் நடையில் பூக்கட்டிப் பார்ப்பது. காரியதரிசி குளித்துவிட்டு எடுப்பது.'"

"இங்கிலீஷ் பார்லிமெண்டில் பூக்கட்டியா பார்க்கிறார்கள்?" என்று முழங்கினேன்.

டீச்சர் எழுந்து வந்தார். "சார், அந்தப் புத்தகத்தைத் தாருங்க." கொண்டை ஊசியை உருவி, முதல் தாளின் ஓரத்தைச் சர்ரென்று கிழித்தார். இங்கிலீஷில் வாசித்துவிட்டுத் தமிழிலும் சொன்னார்: "சங்கத்துக்குன்னு நிபந்தனை இருந்தா அதுதான் பெரிசு. நிபந்தனை மௌனமா இருக்கிய இடத்துல மட்டும் இந்தப் புத்தகம் பேசலாம். செக்ரட்டரி சார் இதைப் படிக்கல்லியோ?"

சபை சிரித்த சிரிப்பில் வாசகசாலைக் கூரை அதிர்ந்தது.

வேட்டியோடு குளத்தில் முங்கி, சொட்டச் சொட்ட அம்மன் கோயில் நடைக்கு வந்தேன். இலைப் பொட்டலம் இரண்டு, உள்ளே ஆளுக்கொரு பூ. வெள்ளைப் பிச்சி வந்தால் டீச்சருக்கு. சிவப்பு அரளி வந்தால் என் தூக்கத்துக்கு. பிச்சி மணக்கும் பொட்டலத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்தால் தீர்ந்தது என்று மனசுக்குள் திட்டம். ஆனால் குளத்துத் தண்ணீர் ஏறி மூக்கு அடைத்துப்போயிருந்தது. குத்துமதிப்பாக ஒன்றை எடுத்தேன். பிரித்தால் பிச்சி.

மறுநாள் இரண்டு மணிக்குப் பதினாறு பெண்கள் வந்தார்கள். சாவி என்னிடம்தான். கதவைத் திறந்துவிட்டு வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே ஒருத்தி உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தோற்றதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

ஆறு மாதம் அந்த மரத்தடியில் நின்றவனை டீச்சருக்குப் பிடித்துப்போயிற்று. (பரிதாபமாகவும் இருக்கலாம், இன்றுவரை விசாரிக்கவில்லை.) கல்யாணமும் ஆயிற்று.

இப்போதும் வீட்டில் நான் ஏதாவது அபிப்பிராயம் சொல்லத் தொண்டையைக் கனைத்தால், மகள் அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்மா, நிபந்தனை மௌனமா இருக்கா? புத்தகம் பேசலாமா?" என்று கேட்பாள்.

"பொறு மக்கா," என்று உள்ளேயிருந்து பதில் வரும். "நிபந்தனை இன்னும் பேசி முடிக்கல்ல."