பவுனுவின் பிடரி வென்ற படலம்

வாழ்க ராஜதுரை! சங்கரன்கோவில் விசைத்தறிகளின் இடிமுழக்கத்தில் ஆயுளெல்லாம் நின்று காது மந்தமானாலும் சந்தேகம் மந்தமாகாத சிங்கம் வாழ்க! டீ மாஸ்டர் ஒரு மடக்குக் குடித்துக் காட்டாமல் கிளாஸைத் தொடாத தீரர், கட்டிய மனைவி சங்கரம்மாள் வைத்த குழம்பையும் அவள் ஒரு வாய் உண்ட பிறகே உண்ணும் எச்சரிக்கைப் பெருமாள், இதோ ஆடித்தபசுக் கொடியேற்றம் முதல் புலால் நீத்த விரதக் கோலத்தோடு போர்க்களம் புகுகிறார். அண்டசராசரங்களே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்!

பகைவன் யார்? பவுனு என்னும் பொன்னிறப் பூனையரசியின் காதோரம் பாசறை அமைத்து, குருதி குடித்து, ஆமணக்கு முத்துப்போல உப்பிக் கிடந்த உண்ணி. போன வருசம் இவளுடைய தாயை உண்ணிக் காய்ச்சலில் சோறு தண்ணி இறங்காமல் கொன்ற குலத்தின் கொழுந்து. தாயை முருங்கையடியில் புதைத்தது ராஜதுரையின் கை. அந்தக் கைதான் இப்போது பவுனுவின் காதோரத்தைத் தடவிப் பார்த்தது.

அடுத்த வீட்டுக் கிங்ஸ்லி, தன் நாய்க்கு விடும் மருந்தோடு துணைப்படையாய் வந்தான்.

“இதுல பாதிய விடுங்க அண்ணாச்சி, சரியாப் போவும்.”

“நாய்க்கு உள்ளதப் பூனைக்கு விடச் சொல்லுதியோ? எடுத்துட்டுப் போலே!” என்று எண்திசையும் அதிர முழங்கி, பூனையைப் பையிலிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தார் வீரர்.

“நல்லவேளை, விடல,” என்றார் டாக்டர் பொன்செல்வி. “நாய் மருந்து சிலது பூனை உசிரையே எடுத்துரும்.” உண்ணியை நசுக்காமல் இடுக்கியால் பிடுங்கினார். “இனி ஏறாம இருக்கப் பூனைக்குன்னே உள்ள சொட்டு மருந்து இது. பிடரியில, நாக்கு எட்டாத இடத்துல, முடிய விலக்கித் தோல்ல விடணும். நானே விடட்டுமா?”

“வேண்டாம். வீட்ல வச்சு மோந்து பாத்துட்டு நானே விடுதேன்.”

அவர் மோந்தார், பவுனும் மோந்தாள். மோந்த மாத்திரத்தில், வில்விடுத்த கணையென, விண்கிழித்த மின்னலென, ராஜதுரையின் முழங்கையில் செங்குருதிக் கோலமிட்டு, பீரோ என்னும் மலைக்கோட்டையின் உச்சி ஏறினாள். சங்கரம்மாள் நெத்திலிக் கருவாட்டை நீட்டினாள். நாசி அசைந்தது, கால் அசையவில்லை. யார் வளர்ப்பு! ராஜதுரை கடித்துக் காட்டாத எதையும் அந்த மார்ஜாலத் திலகம் பிறந்தது முதல் வாயில் வைத்ததில்லை.

“வளத்த லெச்சணம். கடிச்சுக் காட்டுங்க,” என்றாள் சங்கரம்மாள்.

“ஏட்டி, விரதம்ட்டி!”

“அப்ப மறுபடி உண்ணி ஏறட்டும்.”

தறிகள் ஓய்ந்தன, காற்று நின்றது, ஒரு கண்ணில் கோமதியம்மன் கோபுரமும் மறு கண்ணில் முருங்கையடி மண்ணும் தெரிய, தர்மசங்கடப் பெருங்கடலின் நட்டநடுவில் தத்தளித்த அந்த வணங்காமுடி வேந்தர், “ஆத்தா, ஒரு நிமிசம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ!” என்று விண்ணதிரப் பிரகடனம் செய்து, நெத்திலியின் தலையை நறுக்கென்று கடித்தார். கோட்டை இறங்கி வந்தாள் பூனையரசி. அவள் மென்று மயங்கிய கணத்தில் இடக்கை முடி விலக்க, வலக்கை குழல் நசுக்க, பிடரித் தோலில் விழுந்தது அமுதச் சொட்டு! முரசு அறைந்தன தறிகள். மலர்மாரி பொழிந்தனர் தேவர். உண்ணிக்குலப் பெண்டிர் தாலி அறுத்தனர்.

ராஜதுரை எழுந்து போய் வாய் கொப்பளித்தார்.